ஏன் என்று சொல்லாத கையேடு

கூரையை மடக்கித் திறந்துகொள்ளும் கார்களைச் சினிமாப் பாட்டுகளில் பார்த்திருப்பீர்கள். திருவண்ணாமலைத் தெருக்களில் அவை அபூர்வம். கான்வாஸ் கூரையைக் கையால் கழற்றி மாட்டும் ஜீப் வகை வண்டிகள் நம் ஊருக்குப் பழக்கமானவை. பொத்தானை அழுத்தியதும் கூரை தானே எழுந்து, மடிந்து, பின்புறப் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ளும் கார் வந்து நின்றால் கூட்டம் கூடாமல் இருக்குமா?

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, செங்கம் சாலையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் அப்படித்தான் கூட்டம் கூடியது. பெங்களூரிலிருந்து கிரிவலத்துக்கு வந்த ஓர் இளைஞரின் கார். பள்ளிக்கூடப் பையன்கள், "அண்ணா, இன்னொரு தடவை!" என்று கேட்கக் கேட்க, அவரும் முகம் சுளிக்காமல் கூரையைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். பையன்கள் புகையில் நிற்க வேண்டாமே என்று எஞ்சினை நிறுத்தியிருந்தார். பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. காற்றாடியும் விளக்குகளும் இயங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பொத்தானை அழுத்தினார். கூரை பாதி தூரம் எழுந்தது, அந்தரத்தில் நின்றுவிட்டது. எஞ்சினைக் கிளப்ப முயன்றார். 'டிக், டிக்' என்ற ஓசைதான் வந்தது. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக் வேறொரு பாட்டரியையும் இரண்டு தடித்த கம்பிகளையும் கொண்டுவந்து இணைத்தபின்தான் எஞ்சின் கிளம்பியது, கூரையும் மூடியது. அதற்குள் உள்ளிருக்கைகள் தெப்பமாகிவிட்டன.

"எஞ்சின் ஓடினாத்தான் சார் டாப்பு இழுக்கும். அதுக்கு எஞ்சின் பலம் வேணும்" என்றார் மெக்கானிக்.

"புத்தகத்திலேயும் அப்படித்தாங்க போட்டிருக்கு. நான்தான் கேட்காம விட்டுட்டேன்" என்று காரின் கையேட்டை எடுத்துக் காட்டினார் இளைஞர். கூரையை இயக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம். காரணம் ஒரு சொல்கூட இல்லை. அதன்பின் அவர் சொன்னதுதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது: "வீட்டில கீழ்த்தள ஷெட்டுக்குள்ள கூரையைத் தொடச்சிக் காய வைக்கிறப்ப எஞ்சினை நிறுத்தவே மாட்டேன் சார். அரை மணி நேரமானாலும் ஓடிட்டேதான் இருக்கும்."

வாசகரே, ஒரு நூலை மதிப்புரை செய்வதுபோல் ஒரு வாக்கியத்தை மதிப்புரை செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியும் என்றே நினைக்கிறேன். அந்த வாக்கியம் சரியா? எந்த அளவுக்குச் சரி? அது சொல்லாமல் விட்டது என்ன? இவற்றைப் பார்ப்போம்.

வாக்கியத்தின் பக்கமுள்ள நியாயம்

முதலில் அதற்குரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். இக்காலத்துக் கார்களில் கூரையை நேரடியாக இழுப்பது எஞ்சின் அன்று; மின்மோட்டார். பல கார்களில் அந்த மோட்டார் ஒரு சிறிய பம்பை ஓட்டுகிறது. பம்பு எண்ணெயை அழுத்துகிறது. அழுத்தம் உருளைகளுக்குச் சென்று கூரையின் கைகளைத் தூக்குகிறது. பாஸ்கல் விதியின் நேரடிப் பயன் இது. வேறு சில கார்களில் மோட்டார் பற்சக்கரங்கள் வழியே கூரையை இழுக்கும். எப்படியாயினும் மோட்டாருக்கு வேண்டியது மின்சாரம்.

அந்த மின்சாரம் இரண்டு இடங்களிலிருந்து கிடைக்கும். எஞ்சின் நின்றிருந்தால் பாட்டரி மட்டுமே தரும். நன்கு மின்னேற்றிய ஈயப் பாட்டரி ஓய்விலிருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடினால், அது வார்ப்பட்டை வழியே ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது; அப்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட்டுக்கு உயர்கிறது. நேர்மின் மோட்டாரின் வேகம் ஏறக்குறைய மின்னழுத்தத்தின் விகிதத்தில் கூடும். ஆகவே எஞ்சின் ஓடும்போது கூரை சற்றுச் சுறுசுறுப்பாக மூடும், பாட்டரியும் காலியாகாது. வாக்கியம் தவறன்று.

மெக்கானிக் சொன்னதும் முழுப் பிழையன்று. ஆல்டர்னேட்டர் கூடுதலாக மின்சாரம் தரும்போது அதைச் சுழற்றுவது எஞ்சினுக்குச் சற்றுக் கடினமாகிறது. ஆற்றல் முடிவில் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. ஆனால் இடையில் ஆல்டர்னேட்டர், பாட்டரி, மோட்டார் என்று மூன்று தரகர்கள் இருக்கிறார்கள். பாட்டரி நல்ல நிலையில் இருந்தால் எஞ்சின் இல்லாமலே கூரை மூடும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இத்தகைய கூரை மோட்டார்கள் சில பத்து ஆம்பியர்கள் இழுப்பவை. நம் கணக்குக்கு 40 ஆம்பியர், 15 விநாடி என்று வைத்துக்கொள்வோம்.

40 × 15 = 600 கூலும்.

ஓர் ஆம்பியர்-மணி என்பது 3,600 கூலும். ஆகவே ஒருமுறை கூரையை மூட ஓர் ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்கு செலவாகிறது. காரின் பாட்டரி 60 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையதென்றால், இது அதில் 360இல் ஒரு பங்கு; நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. பையன்களுக்காக அவர் பத்துமுறை திறந்து மூடினார், அதாவது இருபது இயக்கங்கள் என்றாலும், செலவு மூன்றரை ஆம்பியர்-மணிக்கும் குறைவுதான்.

அப்படியானால் பாட்டரியைத் தின்றது யார்? இரண்டு மணி நேரம் ஓடிய பாட்டும், காற்றாடியும், விளக்குகளும். இவை சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தன என்று கொண்டால், 20 ஆம்பியர்-மணி! கூரை தின்றதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. அத்துடன் அந்தப் பாட்டரிக்கு நான்கு வயது என்றும் அவரே சொன்னார். கூரை மேல் பழி விழுந்தது. உண்மைத் திருடன் பாட்டுப் பாடிக்கொண்டே தப்பிவிட்டான்.

கிரிவலம் வருபவர்கள் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மலையைச் சுற்றும் பாதை 14 கிலோமீட்டர். மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் நடந்தால் 4 மணி நேரம். முன்விளக்குகளை அணைக்காமல் விட்டுச் சென்றால், 55 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 4 மணி நேரத்தில் 36 ஆம்பியர்-மணி. பாட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும். பொத்தான் அழுத்தும் கூரையே இல்லாத சாதாரணக் காருக்கும் பொருந்தும் கணக்கு இது.

கையேட்டின் வாக்கியத்தில் நான் காணும் முதற்குறை இதுவே. அளவு சொல்லாத எச்சரிக்கை, சிறிய செலவையும் பெரிய செலவையும் ஒன்றாக்கிவிடுகிறது. படிப்பவர் கூரையைக் கண்டு அஞ்சுகிறார். பாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை.

அன்று விதி, இன்று முன்னெச்சரிக்கை

எஞ்சின் ஓடியே தீரவேண்டும் என்பது உண்மையிலேயே விதியாக இருந்த காலமும் உண்டு. அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டின் பிளிமத் காரில், தானே இயங்கும் துணிக்கூரை வந்தது. அதைத் தூக்கியது மின்சாரம் அன்று, வெற்றிடம்! பெட்ரோல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் உறிஞ்சுகுழாயில் காற்றழுத்தம் வெளிக்காற்றைவிட மிகவும் குறைந்திருக்கும். அந்த வெற்றிடத்தைக் குழாய் வழியே கூரையின் உருளைகளுக்குக் கொண்டுசென்றார்கள். உருளையின் ஒருபுறம் அழுத்தம் குறைய, மறுபுறத்து வளிமண்டலம் தண்டைத் தள்ளியது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வளிமண்டலம் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமான விசை தருகிறது. அதில் பாதி கிடைத்தாலும், 100 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 50 கிலோ எடையின் விசை. எஞ்சின் நின்றால் வெற்றிடம் இல்லை. வெற்றிடம் இல்லாவிட்டால் கூரையும் இல்லை. நம் மெக்கானிக்கின் வாக்கு அந்தக் காருக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

பிறகு மின்மோட்டார்கள் வந்தன. 1951இல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்சிக்கு வைத்த லெ சாபர் என்ற மாதிரிக் காரில், மழைத்துளி பட்டதும் தானே கூரையை எழுப்பும் உணரி இருந்தது. உரிமையாளர் எங்கோ போயிருக்க, எஞ்சின் நின்றிருக்க, பாட்டரியே வேலையை முடித்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுந்த எண்ணம் அது. நம் இளைஞருக்கு அன்று மாலை தேவைப்பட்டதும் அதுதானே!

அக்காலத்துக் கார்களில் ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோதான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ தருவது சொற்பம். ஆகவே நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டாலும் பாட்டரிக்குப் பெரிய உதவி கிடைக்காது. 1960இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. பின்னர் எல்லாரும் அவ்வழியே வந்தார்கள். மெதுவோட்டத்திலும் ஓரளவு மின்சாரம் கிடைப்பது அதனால்தான். வெற்றிடக் காருக்கு 'ஓடவேண்டும்' என்பது விதி. டைனமோ காருக்கு அது அரைகுறை உதவி. ஆல்டர்னேட்டர் காருக்கு நல்ல முன்னெச்சரிக்கை. ஒரே வாக்கியம், மூன்று பொருள். காரணத்தைச் சொல்லாவிட்டால் எந்தப் பொருள் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

பாடநூலும் குற்றவாளிக் கூண்டில்

கையேட்டை மட்டும் குறை சொன்னால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். மறுநாள் வகுப்பில் இந்நிகழ்ச்சியைச் சொல்லி, அகமின்தடையைப் பற்றிய கணக்கு ஒன்றை நினைவூட்டினேன். என்.சி.இ.ஆர்.டி.யின் 12ஆம் வகுப்பு இயற்பியல் நூலில், மின்னோட்டவியல் பாடத்தின் பயிற்சியில் முதலாவதாக இருப்பது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் நம் மாணவர்களும் போட்டுப் பழகுவது. காரின் பாட்டரிக்கு மின்னியக்கு விசை 12 வோல்ட், அகமின்தடை 0.4 ஓம் எனக் கொடுத்து, அதிலிருந்து பெறக்கூடிய உச்ச மின்னோட்டத்தைக் கேட்கிறது. 12ஐ 0.4ஆல் வகுத்தால் விடை 30 ஆம்பியர். முழு மதிப்பெண்.

கடைசி இருக்கையில் ஒரு மாணவர் எழுந்தார். அவருடைய அப்பா லாரிப் பட்டறை வைத்திருப்பவர். "சார், 30 ஆம்பியர்தான்னா வண்டி எப்படி சார் ஸ்டார்ட் ஆகும்?" என்றார்.

நான் எட்டு ஆண்டுகளாக அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

காரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுப்பது. அதன் திறன் ஒரு கிலோவாட் அளவில் இருக்கும். சென்னைப் பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை செய்யும் பொருள்களுள் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் உண்டு. பார்க்க நாம் அயல்நாடு போக வேண்டியதில்லை. பாடநூலின் பாட்டரியோ, உச்சத் திறன் மாற்ற விதிப்படி, வெளிச்சுற்றுக்கு 6 வோல்ட்டில் 15 ஆம்பியர், அதாவது 90 வாட்டுக்கு மேல் தரவே முடியாது. இரண்டு முன்விளக்குகளின் 110 வாட்டுக்கே அது போதாது! எஞ்சினை விடுங்கள், அந்தப் பாட்டரி விளக்கைக்கூட ஒழுங்காக எரிக்காது.

நல்ல கார் பாட்டரியின் அகமின்தடை 0.01 ஓம் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும். பாட்டரி முதுமையடையும்போதும், மின்னேற்றம் குறையும்போதும் அது உயர்கிறது. செங்கம் சாலையில் நடந்ததை இப்போது விளக்கிவிடலாம். அகமின்தடை 0.01 ஓம் என்றால், 40 ஆம்பியருக்கு இழப்பு 0.4 வோல்ட், கூரை அறியவே அறியாது. அதுவே 0.05 ஓம் ஆகியிருந்தால் இழப்பு 2 வோல்ட். ஏற்கெனவே இளைத்த பாட்டரியின் முனைகளில் 10 வோல்ட்தான் மிஞ்சும். கூரையைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி, மின்னழுத்தம் போதாது என்று கண்டு இயக்கத்தை நிறுத்திவிடும். ஸ்டார்ட்டருக்கு 150 ஆம்பியர் கேட்டால் இழப்பு ஏழரை வோல்ட். மிஞ்சிய மின்னழுத்தத்தில் ஸ்டார்ட்டரின் மின்காந்தச் சாவி பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும். அந்த 'டிக், டிக்' அதுதான்.

கணக்கில் 0.4க்குப் பதில் 0.01 என்று அச்சிட்டிருந்தால், சூத்திரம் மாறியிருக்காது. மாணவரின் உலகம் மாறியிருக்கும். எண்ணைப் பற்றிக் கேள்வி கேட்கக் கற்காத நாம், கையேட்டின் வாக்கியத்தைப் பற்றி எப்படிக் கேட்போம்?

உயிரைத் தொடும் குறை

இனி அந்த இளைஞரின் ஷெட்டுக்கு வருவோம். 'எஞ்சின் ஓடட்டும்' என்ற கட்டளையை அவர் பக்தியோடு பின்பற்றினார். நனைந்த இருக்கை ஒரு மாலை நட்டம். மூடிய அறையில் ஓடும் எஞ்சின் அப்படிப்பட்டதன்று.

பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலிமையோடு இதைப் பற்றிக்கொள்கிறது. இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. தலைவலி, மயக்கம், பின் உறக்கம், எழாமலே போகலாம். புகைக்குழாயில் நச்சைக் குறைக்கும் வினைவேக மாற்றி இக்காலக் கார்களில் இருக்கிறதே என்பீர்கள். அது சில நூறு டிகிரி செல்சியஸ் சூடேறிய பின்னர்தான் சரியாக வேலை செய்யும். மூடிய அறையிலோ எஞ்சின் தன் புகையையே மீண்டும் உறிஞ்சுகிறது, ஆக்சிஜன் குறைகிறது, எரிதல் கெடுகிறது, நஞ்சு பெருகுகிறது.

கூரைக்காக எஞ்சின் ஓடவேண்டிய நேரம் 15 விநாடி. அவர் ஓடவிட்டது அரை மணி. காரணம் தெரிந்திருந்தால், 'ஒருமுறை திறக்கப் பாட்டரியே போதும். ஷெட்டில் எஞ்சின் வேண்டாம்' என்று அவரே முடிவு செய்திருப்பார். பாட்டரியைக் காக்க எழுதிய வாக்கியம் மனிதரைக் காக்க மறந்துவிட்டது. என் மதிப்புரையின் முடிவான குற்றச்சாட்டு இதுதான்.

எப்படி எழுதியிருக்கலாம்?

குறை சொல்பவன் மாற்றும் சொல்ல வேண்டும் அல்லவா? நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

'கூரையை இயக்குவது மின்மோட்டார். வெட்டவெளியில் எஞ்சினை ஓடவிட்டு இயக்கினால் மின்னழுத்தம் குறையாது; பாட்டரியும் தளராது. பாட்டரி நன்றாக இருந்தால், எஞ்சின் நின்றிருக்கும்போது ஓரிரு முறை இயக்குவதால் கெடுதி இல்லை. பாட்டு, விளக்கு, காற்றாடி ஆகியவற்றை நெடுநேரம் ஓடவிட்டிருந்தால் முதலில் எஞ்சினைக் கிளப்புங்கள். பிறகு கூரையைத் தொடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே வேண்டாம்.'

கையேட்டில் கால் பக்கம்கூட ஆகாது. எஞ்சின் ஓடினால்தான் கூரை நகரும்படி அமைக்கப்பட்ட கார் ஒன்று இருந்தால், அதற்குரிய கையேட்டில் அதையும் ஒரு வரியில் சேர்த்து, 'காரை வெளியே எடுத்து வந்த பின் திறக்கவும்' என்று முடித்துவிடலாம்.

நீங்களே அளந்து பாருங்கள்

கூரை மடங்கும் கார் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வீட்டிலோ பக்கத்திலோ உள்ள எந்தக் காரும் போதும். ஒரு சாதாரண மல்டிமீட்டரும், வண்டிக்காரரின் அனுமதியும், திறந்த இடமும் வேண்டும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பாட்டரி முனைகளில் வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன்விளக்குகளைப் போட்டு மீண்டும் அளவுங்கள். இரண்டின் வேறுபாட்டை விளக்குகளின் மின்னோட்டத்தால் வகுத்தால் அகமின்தடை தோராயமாகக் கிடைக்கும். 12.6 வோல்ட் 12.5 ஆனது, மின்னோட்டம் 9 ஆம்பியர் என்றால், விடை 0.011 ஓம். கடைசியில் எஞ்சினைக் கிளப்பி, 14 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்துப் பாட்டரி முனைகளைத் தொடவே கூடாது. அது குறுக்குச் சுற்று.

எஞ்சினே இல்லாத கார்களும் வந்துகொண்டிருக்கின்றன. 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எம்.ஜி. சைபர்ஸ்டர் முழு மின்கார். அதன் துணிக்கூரையும் பொத்தானில் இயங்குவது. 'எஞ்சின் ஓடட்டும்' என்ற வாக்கியத்துக்கு அங்கே பொருளே இல்லை. ஆனால் மின்னழுத்தமும், மின்னோட்டமும், அகமின்தடையும் அங்கேயும் இருக்கும். வாக்கியத்தை மனப்பாடம் செய்தவர் அந்தக் காரில் திகைப்பார். காரணத்தைக் கற்றவர் திகைக்க மாட்டார்.

அந்தக் கடைசி இருக்கை மாணவர், மறுவாரம் தம் அப்பாவின் பட்டறையில் அளந்த எண்களைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தார். அதுமுதல் அந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் 0.4ஐ அழித்துவிட்டு அவர் அளந்த எண்ணை எழுதுகிறேன்.